இரண்டு கையிலும் வாட்ச்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகும் காலை பஸ்ஸில், என் முன் இருக்கையில் சீருடை அணிந்த இரண்டு பெண்கள்.

“நேத்து ஓவன் பக்கம் நீ மயங்கி விழுந்தப்ப, கம்பெனி குடுத்த உன் வாட்ச் என் கையில இருந்துச்சு,” என்றார் மூத்தவர். “நான் ஏசி ஸ்டோர்ல உக்காந்திருந்தேன். என் நாடியப் பாத்து நீ நல்லா இருக்கன்னு நம்பிட்டாங்க. ரொம்ப நேரம் யாரும் தேடல.”

“என்ன அக்கா பண்றது? சூட்டுல துடிப்பு கூடுனா வாட்ச் சூப்பர்வைசருக்குச் சொல்லிடும் லா. உடனே வீட்டுக்கு அனுப்பிடுவான், ஓ.டி.யும் போயிடும்.”

இளையவள் தன் வாட்சைக் கழற்றி நீட்டினாள். “இன்னிக்கும் கட்டிக்கங்க.”

மூத்தவர் அதை வாங்கி மறு கையில் கட்டிக்கொண்டார்.

“அரை மணிக்கு ஒரு மெசேஜ் போடு. வரலன்னா நான் ஓடி வந்துருவேன்.”

“ஓவன் பக்கம் போன் கொண்டுபோக விடமாட்டாங்க அக்கா.”