மூன்றாவது பொத்தான்

ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்குகிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, டீச்சர். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் கிடைக்கிறது, அதையும் குப்புறப் படுத்துக் கழிப்பதா? இந்த ஒரு விஷயத்தில் அத்தானும் நானும் ஒரே கட்சி. சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் வீட்டு முன்னறைக் கணினிக்கு எதிரே இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவோம். ஏழு வருடமாக ஒரே ஆட்டம். முடியவே இல்லை.

அத்தான் வாயில் முப்பத்தொரு வார்த்தை இருந்தது எப்படி ஒன்றாயிற்று என்று நேற்று உங்கள் நோட்டைப் புரட்டிப் புரட்டிக் கேட்டீர்கள். அக்கா எதிரில் வேண்டாமே என்றுதான் அப்போது சும்மா இருந்தேன். இப்போது வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பூசி மெழுகுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அத்தானைப் பேச்சுப் போன பிறகுதான் உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழைய வீட்டுச் சாமான்களை ஏலம் விடுகிற கூடத்தில் மேடையில் நிற்பவர் அவர். கீழே சாமான்களுக்கு எண் சீட்டு ஒட்டுகிறவன் நான். அவர் வாயைத் திறந்தால் கால் உடைந்த முக்காலிகூடச் சிம்மாசனமாகிவிடும். அக்கா கல்யாணத்தன்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யார் இந்தச் சோப்ளாங்கி?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இப்போது நாற்பத்தொன்று. இன்றுவரை மூட்டை தூக்குகிறவர்கள்கூட என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நானும் சிரித்துக்கொள்வேன், பழகிவிட்டது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். கற்காலத்தில் ஆரம்பித்து ஊர் கட்ட வேண்டும், சாலை போட வேண்டும், படை திரட்டி அடுத்தவன் ஊரைப் பிடிக்க வேண்டும். ஒரே கணினியில் ஆளுக்கு ஒரு முறை. ஊருக்கு நாமே பெயர் வைக்கலாம். நான் யோசித்து யோசித்து ராஜகம்பீரமாக வைப்பேன். அத்தான் அந்த வாரம் ஏலத்தில் எது போனதோ அதை வைத்துவிடுவார். குடை, செருப்பு, கடிகாரம், தலையணை. ஆற்றங்கரை ஊருக்குத் தண்ணி. மகளை அவர் கூப்பிடும் பெயரில் ஒன்று, சிட்டு. தலைநகருக்கு மகாராணி. அக்காவை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

ஒரு ஊரைப் பிடித்ததும் திரையில் மூன்று பொத்தான்கள் வரும். வைத்துக்கொள், கொள்ளையடி, கொளுத்து. அத்தான் எப்போதும் முதலாவதுதான். என்னிடமிருந்து அவர் முதலில் பிடித்த ஊர் வெற்றிக்கோட்டை, வடக்கே பனிக்காட்டு ஓரம். பிடித்த கையோடு பெயரைச் சோப்ளாங்கி என்று மாற்றினார். "கோச்சுக்காத, உன் பேரு சரித்திரத்துல நிக்கும்" என்றார். அக்கா சிரித்ததில் கையிலிருந்த டீ சிந்தியது. ஏழு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெயர் என் கண்ணில் படும்.

பிறகுதான் அவருக்கு மூளையில் அடைப்பு வந்தது. கை கால் தேறிவிட்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. குடையைக் கொடுத்தால் அழகாக விரித்துப் பிடிப்பார், பெயர் வராது. பேச்சுப் பயிற்சிக்கு நீங்கள் கொண்டுவந்த பட அட்டைகளை, ஏலத்துக்கு வந்த ஓட்டைச் சட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஒரு நாள் சிட்டு சும்மா ஆட்டத்தைப் போட்டுக் காட்டினாள். மலையடிவாரத்தில் விரலை வைத்து "குடை" என்றார். அக்கா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள். அவள் அழுததைப் பார்த்து நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நானும் சந்தோஷப்பட்டேன், அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதத்தில் முப்பத்தொரு வார்த்தை. தினமும் காலையில் அரை மணி நேரம் வரைபடத்தைப் பார்ப்பார், அன்றைக்கெல்லாம் அந்த வார்த்தைகள் வாயில் நிற்கும். "இந்த வேகத்துல போனா இன்னும் ஆறு மாசத்துல மேடை ஏறிடுவார்" என்றீர்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆட்டத்த நிறுத்தாதீங்க. அவர் ஊர்களை மட்டும் கலைச்சிடாதீங்க. இப்ப அவருக்கு அகராதியே அதுதான்" என்றும் சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். யார் எது சொன்னாலும் தலையாட்டுகிறவன் நான்.

அதற்குள் கூடத்தில் என்னை மேடையில் ஏற்றிவிட்டிருந்தார்கள். வேறு ஆள் இல்லை. அத்தான் அளவுக்கு எனக்கு வராது, ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் என்னை சார் என்று கூப்பிட்டார்கள். வீட்டிலும் அக்கா எதற்கெடுத்தாலும் "தம்பி, நீ என்ன சொல்ற?" என்று கேட்க ஆரம்பித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லையே.

முதலில் போனது செருப்பு. அத்தான் காவல் வைக்க மறந்திருந்தார். சுற்றியிருந்த வயல்களைச் சூறையாடினேன், வீரர்களுக்குத் தெம்பு வரும். பிறகு ஊரைப் பிடித்து மூன்றாவது பொத்தானை அழுத்தினேன். உடனே அழியாது. ஒவ்வொரு முறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து, மக்கள்தொகை ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்கி, கடைசியில் அங்கே புல் முளைக்கும். பெயர் இருந்த இடம் பச்சையாகிவிடும். அத்தான் வாயை லேசாகத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை வாசலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. இப்படி ஆகும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

அதனால்தான் அடுத்த வாரம் கடிகாரத்தைக் கொளுத்திப் பார்த்தேன். ஒன்றை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது இல்லையா? மூன்று நாளில் அந்த வார்த்தையும் போயிற்று.

சிட்டு மட்டும் கேட்டாள். பதினாறு வயதில் எல்லாவற்றுக்கும் கேள்வி. "மாமா, பிடிச்ச ஊரை வெச்சுக்கலாமில்ல? கலர்தானே மாறும், பேரு அப்படியே இருக்குமே?"

அவளை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னேன். பிடித்த ஊரை வைத்துக்கொள்வது பெரிய தலைவலி. பழைய ராஜாவை நினைத்து ஏங்கிக்கொண்டே இருப்பார்கள். கலகம் செய்வார்கள். சோறு போட வேண்டும், காவலுக்குப் படை நிறுத்த வேண்டும். இந்த ஆட்டம் ஆடுகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். "ஓ, அப்படியா" என்று போய்விட்டாள். நல்ல பெண், பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

தலையணையைப் பிடித்த அன்று அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் இன்னும் பலம் இருக்கிறது. வாய் திறந்து திறந்து மூடியது. வேண்டாம் என்று சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன். அந்தப் பெயரில் அவருக்கு ஊர் இல்லை. நான் முரட்டுத்தனம் ஒன்றும் செய்யவில்லை. அவராக விடும்வரை காத்திருந்து, பிறகு அழுத்தினேன்.

ஆட்டம் ஒவ்வொரு வாரமும் ஒரு பிரதியைச் சேமித்து வைக்கும். அன்று சாயங்காலமே பழைய பிரதிகளை எல்லாம் அழித்தேன், கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பின்னால் சிட்டு தேடினாள். "பழசு எங்கயாவது இருக்குமா மாமா?" "அதெல்லாம் தானா அழிஞ்சிடும்மா." இது ஒன்றுதான் நான் சொன்ன நேரடிப் பொய். வேண்டுமானால் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

அதற்கப்புறம் வாரத்துக்கு நாலு, ஐந்து என்று போயிற்று. அத்தான் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. தன் முறை வந்தால் ஒரு வீரனை இந்தப் பக்கம் நகர்த்துவார், அடுத்த முறை அவனையே அந்தப் பக்கம் நகர்த்துவார். குடை, தண்ணி, சிட்டு எல்லாம் புல்லாயிற்று. மகாராணிக்குத்தான் மூன்று ஞாயிறு பிடித்தது, மதில் கனம். மதில் விழுந்த நேரம் அக்கா டீயோடு வந்து எங்கள் பின்னால் நின்றாள். அவளுக்கு ஆட்டம் ஒன்றும் புரியாது.

"யார்டா ஜெயிக்கிறது?"

"நான்தான்க்கா."

"போகட்டும், உனக்கும் ஒரு நாள் வரணுமில்ல" என்று என் தலையைக் கோதிவிட்டாள். சின்ன வயதில் அப்படிச் செய்வாள். கல்யாணம் ஆன பிறகு செய்ததில்லை. அவள் கை தலையில் இருக்கும்போதுதான் அழுத்தினேன்.

அடுத்த வாரம் அவரைக் குளிப்பாட்டித் துண்டோடு நின்றுகொண்டு, "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார், கன்னத்தைத் தொட்டார், அழுதார். அவளும் அழுதாள். நான் எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தேன். அந்த வீட்டில் உதவிக்கு ஓர் ஆள் வேண்டும், டீச்சர். அவள் ஒருத்தியால் எவ்வளவுதான் முடியும்?

ஆக, நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன், முதல் ஒன்றைத் தவிர மற்ற இருபத்தொன்பதையும். ஆனால் ஒன்றை விட்டுவைத்தேன் என்பதையும் உங்கள் நோட்டில் எழுத வேண்டும். வடக்கே பனிக்காட்டு ஓரத்து ஊர். அதைப் பிடித்து மூன்று வாரம் ஆகிறது. பொத்தான்கள் வந்தபோது விரல் தானாக முதலாவதற்குப் போயிற்று. பெயரையும் மாற்றவில்லை.

இப்போது அவர் வாயில் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். தாகம் என்றால் சோப்ளாங்கி. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சோப்ளாங்கி. அக்காவைப் பார்த்துச் சோப்ளாங்கி, அவளும் "என்னங்க" என்று போகிறாள். நேற்று நீங்கள் காட்டிய கண்ணாடியில் தன்னையே பார்த்தும் அதைத்தான் சொன்னார். பழைய அத்தான் மாதிரியே கணீரென்று சொல்கிறார்.

நான் உள்ளே வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறார். பத்தொன்பது வருடம் கூப்பிட்ட பெயர், என்னைக் கூப்பிடத்தான் அதை விட்டுவைத்தேன் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.