ரெண்டாவது வரிக்கு அப்புறம் ஒரு இருமல்

டப்!

பயந்துட்டீங்களா தம்பி? ஒண்ணுமில்ல, பெட்ஷீட் உதறுற சத்தம். உள்ள வாங்க. பாட்டெல்லாம் பதிவு பண்ணிப் பாதுகாக்கற ஆபீஸ்தானே நீங்க? சூப்பர்வைசர் நேத்தே சொல்லிட்டாரு. ஐயோ, மைக்கை இஸ்திரி மெஷின் மேல வெக்காதீங்க, உருகிடும்!

நாங்க ஆஸ்பத்திரித் துணி வெளுக்கற ஆளுங்க. எட்டு பேரு, நாலு ஜோடி. பாட்டுல நாலு வரி, ஷீட்ல நாலு மடிப்பு. பாட்டு இல்லன்னா இவன் இழுக்க அவன் விட, நடுவுல ரெண்டு மண்டை மோதும்.

என்னது? ஆமா, இப்ப பாட்டு நடுவுல கேட்டது இருமல்தான். ரெண்டாவது வரி முடிஞ்சதும் எல்லாரும் சேர்ந்து இருமுவோம். தள்ளி நிக்காதீங்க, சளியெல்லாம் இல்ல. புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி மறுநாளே எட்டு பாட்டில் மருந்தோட வந்து நின்னா. போன தடவை உங்க ஆபீஸ் அம்மா வந்தாங்களே, கெட்ட ஆவிய விரட்டுற சடங்குன்னு எழுதிக்கிட்டுப் போனாங்க. இங்க இருக்கறது பாய்லர் ஆவி மட்டும்தான், அது இருமினாலாம் போகாது.

இருமலை எடுத்துடலாமா? ஏன்? ஓ, உங்க ஆபீஸ் பட்டியல்ல ஏத்தணும்னா பாட்டு சுத்தமா இருக்கணுமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மேடையில நின்னு இருமினா நல்லாருக்காதா? சரி, இல்லாமயே பாடிக் காட்டறோம்.

பாத்தீங்களா? கை நின்னுடுச்சு. ஷீட் தொங்கிப்போச்சு. அந்த இடத்துலதான தம்பி உதறணும்!

யாரு ஆரம்பிச்சதா? வரி எடுத்துக் குடுத்தவரு. நெஞ்சு சரியில்ல அவருக்கு, ரெண்டு வரிக்கு மேல மூச்சு போகாது. அவரு இருமி முடிக்கற வரைக்கும் சும்மா நிக்கறதுக்கு, நாங்க உதறிக்குவோம். அவ்வளவுதான் சடங்கு.

அவரு போனப்புறம் வேலைக்கு வந்த முதல் நாளு, ரெண்டாவது வரியோட எல்லாரும் அப்படியே நின்னுட்டோம். யாரும் யாரையும் பாக்கல. அப்ப குண்டண்ணன், அவருகூட ரெண்டு வருஷமா முகம் குடுத்துப் பேசாத மனுஷன், தொண்டையச் செருமி ஒரு இருமு இருமினாரு. மூணாவது வரி தானா வந்துடுச்சு.

அதனால ஏத்தறதுன்னா இருமலோட ஏத்துங்க. இல்லன்னா பட்டியலே வேணாம், நாங்க பாட்டுக்குப் பாடிக்கறோம்.

எனக்கென்ன இவ்வளவு பிடிவாதமா? அவரு என் வீட்டுக்காரரு, தம்பி. சொல்லலையா நான்? வீட்ல போட்டோ இருக்கு. ஆனா சத்தம் இங்கதான் இருக்கு.

சரி, மூட்டை குவிஞ்சு கிடக்கு. சும்மா நிக்கறதுக்கு அந்த முனையப் பிடிங்க. இறுக்காதீங்க, லேசா. ம்.