டாக்டர் கேட்ட இரண்டாவது கேள்வி

செமோர் ஊருக்குப் போகும் பேருந்தில் என் முன்னிருக்கையில் புதிதாக மணமான இருவர் இருந்தார்கள். கணவன் மட்டும் உள்ளே போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

“படுக்கையில முடியலன்னு சொன்னேன். கல்யாணமாகி நாலு மாசந்தானே, ஆறு மாசமாவது நீடிச்சாத்தான் நோய்னு எழுதுவாங்களாம்,” என்றான் கணவன்.

“அப்போ இது என்ன? என்னைப் பிடிக்கலையா?”

“ஐயோ, அப்படியில்ல லா. இதனால மனசு கஷ்டப்படுதான்னும் கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

“இல்லன்னேன். பக்கத்துல நின்ன நர்ஸ் மிஸ்ஸி நம்ம தோட்டத்து அக்கா, அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது?”

“அப்போ தினமும் பாத்ரூம்ல அழுறது யாரு?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். “நான்தான்.”

“அதைச் சொல்லாம டாக்டர் எப்படி உதவுவாரு? இறங்குங்க, திரும்பிப் போலாம்.”

“மறுபடியும் டாக்டருக்கு அறுபது வெள்ளி ஃபீஸா?”

“ஆமா,” என்று மணியை அழுத்தினாள் மனைவி. “மொத்தம் நூத்தி இருபது.”