எங்கள் வீட்டு வண்டி மட்டும்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சத்தம் ஆகாது. வீட்டில் மிக்ஸி ஓடினால் அது நிற்கும்வரை வாசலில் போய் நிற்பேன். மின்சார ஸ்கூட்டர் செய்யும் கம்பெனி தொடங்கலாம் என்று என் கணவர் சொன்னபோது, மற்றவர்கள் முதலீடு, சந்தை என்றெல்லாம் விசாரித்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: சத்தமே வராதா? வராது என்றார். சேர்ந்துகொண்டேன்.

நாங்கள் மூன்று பேர். அவர் விற்றார். அவருடைய தங்கை பேட்டரிகளைச் சோதித்தாள். வண்டிக்குள் இருக்கும் மென்பொருளை நான் எழுதினேன். சார்ஜ் ஏறும்போது பேட்டரி அளவுக்கு மீறிச் சூடானால் வண்டி கீச்சென்று கத்தும். அதுவும் நான் எழுதியதுதான். சத்தம் ஆகாதவள் எழுதிய ஒரே சத்தம்.

என் நாத்தனாருக்குத் தொழிற்கூடத்தில் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். ஒருமுறை அவள் ஒரு தொகுதி வண்டிகளையே வெளியே விடாமல் நிறுத்திவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்தது. தங்கையைப் பாப்பா என்றே அழைக்கும் என் கணவர், அதிலிருந்து எதற்கெடுத்தாலும் "பாப்பா சரின்னு சொல்லட்டும்" என்பார். நான் சரி என்று சொல்வதற்காக யாரும் காத்து நின்றதில்லை. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் காரணம் கேட்டதால் சொல்கிறேன்.

போன வருடம் பேட்டரி செல்களை வேறொருவரிடம் வாங்கினோம். விற்ற வண்டிகள் கத்தத் தொடங்கின. கடைக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், பெட்ரோல் வண்டி புகை விடும், ஒத்துக்கறேன். ஆனா வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு இப்படி மானத்த வாங்காது. தெருவே எட்டிப் பாக்குதாம்."

கணவர் அன்று சாப்பிடவில்லை. "நீயே ஏதாவது பண்ணு. பாப்பாகிட்ட போனா மொத்த வண்டியையும் திருப்பி வாங்கச் சொல்லுவா. அப்புறம் கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார்.

நான் செய்தது சின்ன வேலை. எந்தச் சூட்டில் வண்டி கத்த வேண்டுமோ அந்த அளவை உயர்த்தினேன். தெர்மாமீட்டரில் காய்ச்சல் தொடங்கும் கோட்டைச் சற்று மேலே தள்ளி வரைந்ததுபோல. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா வண்டிகளுக்கும் அந்த மாற்றத்தை அனுப்பினேன். அதன்பிறகு யாருக்கும் காய்ச்சல் இல்லை. என்ன செய்தேன் என்று கேட்காமலே அவர் மறுபடியும் வயிறாரச் சாப்பிட்டார்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வண்டி எங்கள் வீட்டுக்கு வரும். "நாம ஓட்டாத வண்டிய அடுத்தவன் தலைல கட்டக்கூடாது" என்பார் கணவர். அந்த ஒரு வண்டிக்கு மட்டும் நான் மாற்றத்தை அனுப்பவில்லை. அது பழைய அளவிலேயே கத்தும். பகலில் அவர் இல்லாத நேரத்தில் நான்தான் சார்ஜ் போடுவேன். கத்தினால் பிடுங்கி, ஆறவிட்டு, மறுபடி போடுவேன். செல்கள் எப்படி இருக்கின்றன என்று எனக்காவது தெரிய வேண்டும் அல்லவா?

நாத்தனாரிடம் சொல்லவில்லை. அவள் சோதனையில் காது கொடுத்துக் கேட்பது என் சத்தத்தைத்தான். அது வராவிட்டால் பேட்டரி நல்லது. ஒருநாள் என் தோளில் தட்டிச் சிரித்தாள். "வண்டிக்கு உங்க குணம் வந்துடுச்சு அண்ணி. உள்ள என்ன வெந்தாலும் வாயத் திறக்கறதில்ல."

நானும் சிரித்தேன். அந்த வாரமே, எங்கள் வண்டி வந்த தொகுதியிலிருந்து தனக்கும் ஒன்றை எடுத்துப் போனாள். தடுத்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

அன்று காலை அவள் ஃபோன் செய்தாள்.

"முதுகு புடிச்சுக்கிச்சு அண்ணி, இன்னைக்கு வரல. மாத்திரை போட்டுட்டுப் படுக்கப் போறேன். வண்டி மாடிப்படிக்குக் கீழ சார்ஜ்ல நிக்குது. கத்தினா எந்திரிச்சுக்கறேன்."

"நல்லாத் தூங்கும்மா" என்றேன்.

மதியம் எங்கள் வண்டி கத்தியது. வெயில் கடுமை. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். பேட்டரி மேல் கைவைக்க முடியவில்லை. அவளுடையதும் அதே தொகுதி, வெளியே அதே வெயில். ஃபோனை எடுத்து அவள் பெயரைத் திரைக்குக் கொண்டுவந்தேன். அழைத்தால் எழுந்து பிடுங்கிவிடுவாள். பிடுங்கிய கையோடு, "உங்களுது கத்துச்சு, என்னுது ஏன் கத்தல?" என்று கேட்பாள். அவள் மகள் அந்த நேரத்தில் பள்ளியில் இருப்பாள் என்பதையும் நினைத்துப் பார்த்தேன். நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபி போட்டுக் குடித்தேன். வீடு அமைதியாக இருந்தது.

அவள் படுத்திருந்த மாடியிலிருந்து இறங்க, தீப்பிடித்த அந்தப் படி ஒன்றுதான் வழி.

கணவர் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "கத்தியிருக்கணுமே. ஏன் கத்தல?" நேற்று காலைவரை அவள் மகளுக்கு நான்தான் தலைபின்னி விட்டேன். அது அதிகம் பேசாத குழந்தை. எனக்குப் பிடிக்கும்.

என் வாக்குமூலமாக நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். கோட்டை மாற்றியது நான். மறைத்தது நான். அவள் தூங்குகிறாள் என்று தெரிந்தே அழைக்காமல் இருந்ததும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் வீட்டு வண்டியில் மட்டும் எச்சரிக்கை பழைய அளவிலேயே இருந்ததை எனக்கு எதிராக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை மட்டும் திருத்துங்கள். குடும்பத்தின் பாதுகாப்பில் நான் ஒருநாளும் அலட்சியமாக இருந்ததில்லை என்பதற்கு அதுதானே சாட்சி.