தொடாத டப்பா

"நான் தொடாத டப்பாவுல எனக்க பேர எதுக்குட்டி எழுதுன?"

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில், முன் இருக்கையிலிருந்த கர்ப்பிணிப் பெண் தோழியிடம் இப்படிக் கேட்டதும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். இருவரும் அன்று ஒரு குழுவோடு சிதறால் மலைக்குப் போயிருந்தார்கள் என்று பேச்சில் தெரிந்தது. யாரோ ஒளித்துவைத்த டப்பாவைச் செல்போன் வரைபடம் பார்த்துத் தேடி, உள்ளேயிருக்கும் தாளில் பெயர் எழுதி, செல்போனிலும் பதிந்துவிட்டு வரும் விளையாட்டு. இவள் பாதி மலையிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் ஏறிப் போய்க் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"எல்லாருமாத்தானே போனோம், மக்கா. போன்லயும் ‘கண்டுபிடிச்சேன்’னு போடு. ஆரு கேக்கப் போறா?"

"கூட்டத்தோட வந்தேன்னு போடுவேன். வந்தேம்லா. கண்டுபிடிச்சேன்னு போட மாட்டேன்."

"பெரிய சட்டக்காரி! உனக்காக ஆசப்பட்டு எழுதுனேன், ஏட்டி."

"தெரியும். அதான் உங்கிட்ட ஒழுங்கா கோவப்படவும் முடியல்ல."

"செரி, அது எங்க இருந்துச்சு தெரியுமா? அந்தப் பெரிய பாறைக்கு..."

கர்ப்பிணி சட்டென்று தோழியின் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாத! பிள்ள பிறந்த பொறவு நானே வந்து தேடணும்."

தோழி அந்தக் கையை மெல்ல விலக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"செரி. நான் பிள்ளயத் தூக்கிக்கிட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி உனக்க பொறத்தால வாறேன்."