பச்சைத் தாளில் பிறந்த தவளை

அவைக்கு அழகு சேர்த்து வீற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, அறிவிலும் அன்பிலும் மூத்த பெரியோர்களே, பிள்ளைகளின் கைவிரல் பசையை இன்னும் சீருடையிலிருந்து துவைத்துப் போக்கிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் ஒரு நொடியும் சும்மா இராத என் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

'காகிதத்தில் உயிர்கள்' கண்காட்சியைத் திறந்துவைத்துப் பேசச் சொன்னார்கள். நான் பேச வரவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு என் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி. எதற்கு அழைத்தாலும் "இருங்க டீச்சர்" என்பாள். வகுப்பில் அவள் பெயரே 'இருங்க' என்றாகிவிட்டது. எழுத்தில் தாமதம், கணக்கில் தாமதம், கடைசி மணி அடித்தபின்தான் காலைப் பாடத்தை எழுதத் தொடங்குவாள். சிரிக்காதீர்கள், அன்று நானும் சிரித்தேன்.

தவளையின் வாழ்க்கையை நடத்தினேன். வட்ட அட்டையில் முட்டை, தலைப்பிரட்டை, கால் முளைத்த தலைப்பிரட்டை, தவளை என நான்கே கட்டம். மற்ற நாற்பது பிள்ளைகளும் நறுக்கினார்கள், மடித்தார்கள், ஒட்டினார்கள், ஒரே பாடவேளையில் ஓய்ந்தார்கள். இவள் மட்டும் மூன்று நாளாகத் தலைப்பிரட்டையிலேயே நின்றாள். ஒரு கால் வந்தது ஒன்று, இரு கால் வந்தது ஒன்று, வால் குறைந்தது ஒன்று என்று பதினொன்று செய்துவிட்டாள்.

"தவளை எங்கேம்மா?" என்றேன்.

"இருங்க டீச்சர். இதுக்கு இன்னும் வால் இருக்கு. வாலோட எப்படிக் குதிக்கும்?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவளை அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு இருத்தலாம், தந்தை சம்மதித்துக் கையெழுத்திடவும் என்று கடிதம் எழுதி, தலைமையாசிரியையின் முத்திரையும் வாங்கி, மேசைமேல் வைத்தேன். தோழிகளெல்லாம் மேல் வகுப்புக்குப் போக, அந்தச் சின்ன நெஞ்சு எப்படித் தாங்கும் என்று அன்று நான் நினைக்கவேயில்லை.

நம் அலுவலகக் கடிதங்கள் எந்த நிறத் தாளில் அச்சாகும்? ஆம், பச்சை.

மாலையில் அவள் அப்பா வந்தார், பேருந்து ஓட்டுநர், உடுப்பைக்கூட மாற்றவில்லை. மேசையைத் தேடினேன், கடிதத்தைக் காணோம். அவள் ஓடிவந்து அப்பாவின் உள்ளங்கையில் ஒரு தவளையை வைத்தாள். வகுப்பில் பச்சைத் தாள் தீர்ந்துபோயிருந்தது. தவளையின் முதுகில் என் கையெழுத்து, வயிற்றில் முத்திரை.

"என்னமோ எழுதியிருக்கே," என்று அவர் பிரிக்கப் போனார்.

"பிரிக்காதீங்கப்பா. இப்பத்தான் வால் போச்சு."

அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார். "முக்கியமான பேப்பரா டீச்சர்?"

யாருக்கு அவசரம்? எந்தக் குளம் தன் தலைப்பிரட்டையிடம் தேதி கேட்டது? எந்த நீர் அதைத் தகுதியில்லை என்று தள்ளியது? வாலுள்ள பிள்ளையை வாலோடு நேசிக்காத நான் என்ன வாழ்க்கைப் பாடம் நடத்தினேன்?

"முக்கியமாத்தான் இருந்துச்சு," என்றேன். "இப்போ தவளையாயிடுச்சு. வீட்டுக்குக் கொண்டுபோங்க."

மறுபடி அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. தாம் முத்திரையிட்ட கடிதம் என்னவானது என்பதைத் தலைமையாசிரியை அம்மா இன்றுதான் கேட்கிறார். சிரிக்கிறார், பிழைத்தேன்.

ஓர் ஆண்டு அந்த ஓட்டுநரின் இருக்கைக்கு முன்னால் உட்கார்ந்து ஊர் சுற்றிய தவளை, இன்று கண்காட்சியின் முதல் மேசையில் இருக்கிறது. ஓரங்கள் வெளுத்துவிட்டன. மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவள் அதன் அருகே ஓர் அட்டை எழுதி வைத்திருக்கிறாள். நேற்று அதைப் படித்து அழுதேன். "தொடாதீங்க. இது இனிமேதான் முட்டை போடும்."

தாய்மார்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை "இருங்க" என்றால் தயவுசெய்து இருங்கள். இவ்வளவு நேரம் எனக்காக இருந்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வாருங்கள், கதவைத் திறப்போம். வணக்கம்.