வீட்டின் மேல் பொட்டு

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், கம்பெனி அடையாள அட்டை மாட்டிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க வூட்டு மேல நானே பொட்டு வெச்சேன்டி. இப்ப வூடு போவுது,” என்றாள் மூத்தவள்.

“இன்னாக்கா சொல்ற?”

“ஊரு எப்டி வளரணும்னு நீங்களே சொல்லுங்கன்னு ஆபீசருங்க கூட்டம் போட்டாங்கல்ல. மேலேர்ந்து புடிச்ச ஊரு போட்டோவ பெருசா மாட்டி, ஆளுக்கொரு ஸ்டிக்கர் பொட்டு குட்த்தாங்க. லாரிங்க நிறுத்த எடம் எங்க வேணுமோ அங்க ஒட்டணுமாம். மைக்குல சொன்னது காதுல உழல. அவங்கவங்க வூட்டக் காட்டச் சொல்றாங்கன்னு நெனச்சி ஒட்னேன். என்னப் பாத்து எங்க தெருவே ஒட்டுச்சு.”

“போய் சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன். எங்க தெருவுலதான் பொட்டு அதிகமாம். ‘மக்கள் விருப்பம்’னு எழுதி மேல அனுப்பிட்டாங்களாம்.”

சாலையோரம் வரிசையாக நின்ற லாரிகளை ஒட்டி ஆட்டோ ஊர்ந்தது. சின்னவள் கேட்டாள்:

“போட்டோல வூடு தெரிஞ்சுதாக்கா?”

“நல்லா தெரிஞ்சுது. மாடில கீற தண்ணி டேங்க்கு கூட தெரிஞ்சுது. வாசக்காலுக்கு வெக்கிற மாதிரி பாத்து வெச்சேன். வூடே மறஞ்சிபோச்சு.”